கேட்டு, கேட்டு

அன்று செக்ரட்டரி சார் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் சாவி அவர் கையில். கோச் மேடம் இருந்தார். துப்பாக்கி சுடச் சொல்லிக் கொடுப்பவர். இடப்பள்ளியிலிருந்து ஒரு கடைக்காரர் அட்டைப்பெட்டியோடு வந்திருந்தார். நான் இருந்தேன். அவர் இருந்தார்.

பெட்டிக்குள் காதில் மாட்டுகிற சாதனம் மூன்று வகை. எதை வாங்கலாம் என்று பார்க்கக் கூடியிருந்தோம்.

இடம் மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய ஒரு பழைய மிளகு குடோன். பாதிக்குத்தான் கூரை, அதுவும் தகரம். அதை ரேஞ்ச் ஆக்கியிருந்தார்கள். நாலு பக்கமும் உயர்ந்த சுவர். வெடிச் சத்தம் வெளியே போக வழியில்லாமல் சுவரில் பட்டு நம் மேலேயே திரும்பி விழும். கிளப் ஆட்கள் சுடுவது சின்னத் துப்பாக்கி. வருஷத்துக்கு ஒரு தடவை பேங்க் காவலாளிகள் பெரிய துப்பாக்கியோடு பழக வருவார்கள். அந்த வாரம் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதுக்குள் குக்கர் கூவிக்கொண்டிருக்கும்.

எனக்கு அட்டை மாற்றுகிற வேலை. சுட்டு முடித்ததும் கடைசிவரை போய், ஓட்டை விழுந்த அட்டையைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அவருக்குக் கொடி வேலை. சிவப்புக் கொடி நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பச்சை ஏறினால் சுடலாம். கடைசி இரண்டு அட்டைகள் தூணுக்குப் பின்னால், அவர் நிற்கிற இடத்திலிருந்து தெரியாது. அதனால் அவர் “ஆச்சா?” என்று கூப்பிடுவார். நான் சுவர் மறைவுக்கு வந்துவிட்டு “ஆச்சு” என்பேன். அவர் “கேட்டு” என்பார். பிறகு பச்சை ஏறும்.

அந்தக் “கேட்டு”தான் அவர். வேறு எதைச் சொல்லி அவரைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் எழுதவில்லை. மற்றவர்கள் சேட்டன் என்பார்கள். நான் அண்ணாச்சி என்பேன், எங்கள் தென்காசிப் பக்கத்துப் பழக்கம். அவர் பிறந்தது மட்டாஞ்சேரியில். தாத்தா காலத்தில் முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். பேசுவது தமிழா மலையாளமா என்று அவருக்கே தெரியாது. ஒல்லியான ஆள். தடித்த கால் வைத்த மூக்குக்கண்ணாடி, அது விழாமலிருக்கப் பின்னால் கறுப்பு நூல் கட்டியிருப்பார்.

என்ன சொன்னாலும் கேட்டு என்பார். “அண்ணாச்சி, மழை வருது.” “கேட்டு.” “அண்ணாச்சி, நாளைக்கு லீவு.” “கேட்டு, கேட்டு.” மலையாளத்தில் கேட்டு என்றால் காதில் விழுந்தது என்று பொருள். விழாவிட்டாலும் அதையே சொல்வார் என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று.

அவரோடு பேச வேண்டுமென்றால் முன்னால் போய் நிற்க வேண்டும். “முன்னால வா தங்கச்சி. முகம் கண்டிட்டு சம்சாரிக்கணும், அதல்லே மரியாத” என்பார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் பார்த்தது முகத்தை இல்லை, உதட்டை.

டீக்கடையில் சாயா போடுகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு, “சேட்டா, வித்தௌட்டா?” என்பார். “கேட்டு.” சர்க்கரை இல்லாமல் வரும். கடைசிச் சொட்டுவரை குடிப்பார். ஒரு நாள் கேட்டேன். “அண்ணாச்சிக்கு சுகர் உண்டா?”

“எனக்கா? இல்ல.”

“பின்ன ஏன் வித்தௌட் குடிக்கீக?”

“பாவம், போட்டுத் தந்துட்டான். திரும்பக் கொடுக்கிறதெப்படி.”

பக்கத்துவீட்டுக்காரர் ஒரு தடவை சந்தில் நடந்துகொண்டே இவரிடம் அம்மா போய்விட்டாள் என்று சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீடு அது. இவர் சிரித்த முகத்தோடு “கேட்டு, கேட்டு. நல்ல காரியம். வராம இருப்பேனா” என்றிருக்கிறார். அந்த ஆள் கையை ஓங்கிவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் இவர் போய் அந்த வீட்டு முற்றத்தில் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் சுமந்தார், எடுத்துப்போகிறவரை உட்காரவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மறுநாள் கேட்டவர்களிடம், “எனக்குப் புத்தி தெற்றிப்போச்சு” என்றார். காது கேட்கவில்லை என்று சொல்லவில்லை. புத்தி கெட்டவன் என்று பேர் வாங்கிக்கொண்டார்.

ஆரம்பத்தில் ரேஞ்சில் வேலையாட்களுக்குக் காதடைப்பு எதுவும் கிடையாதாம். சிகரெட் அடியில் இருக்கிற பஞ்சைப் பிய்த்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு ஸ்பாஞ்சுக் கட்டை வந்தது, விரலில் உருட்டிக் காதுக்குள் விடுவது. ஒரு தடவை போட்டுவிட்டு எறிய வேண்டியதை அவர் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடிக்கம்பில் கிளிப் மாட்டிக் காய வைப்பார். கல் மாதிரி ஆகும்வரை அதுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படி இரண்டு கட்டைகள் கம்பில் தொங்கின. என்ன பூச்சி என்று பார்த்தேன்.

சாதனம் பார்த்த நாளுக்கு வருகிறேன்.

முதல் வகை வெறும் கிண்ணம் இரண்டு, நடுவில் வளைவு. எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோல் அடைக்கும். வெடியும் குறையும், ஆள் கூப்பிடுவதும் குறையும். எங்களிடம் இருந்த பழையது அதுதான். மற்ற இரண்டிலும் பேட்டரி உண்டு. வெளியே சின்ன மைக், திருகுகிற பொத்தான். பேச்சைப் பெரிதாக்கிக் காதுக்குத் தரும், வெடி வந்தால் தடுக்கும்.

என் தலையில்தான் முதலில் மாட்டினார்கள். “சேச்சி, கம்மல் ஊரணும்” என்றார் கடைக்காரர். கம்மலோடு போட்டால் கிண்ணம் சரியாக ஒட்டாது, இடைவெளியில் வெடி நுழைந்துவிடும். கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். மேடம் சுட்டார்.

இரண்டாவது வகை விலை குறைந்தது. வெடித்ததும் உள்ளே எல்லாம் செத்துவிட்டது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது. மேடம் அதை வாங்கித் தானும் போட்டுப் பார்த்தார்.

“வெடி கழிஞ்ஞா ஒண்ணும் கேக்கலயே.”

“அரை செகண்ட்தான் மேடம்.”

“அந்த அரை செகண்டுல நான் ஸ்டாப்னு சொன்னா?”

“இன்னொரு தடவ சொல்லணும்.”

“குண்டு இன்னொரு தடவ கேட்டுட்டா போகும்?”

கடைக்காரர் மூன்றாவதை எடுத்தார். விலை கூடுதல். அதைப் போட்டுக்கொண்டு சுட்டால் வெடி பக்கத்து அறையில் யாரோ கை தட்டுகிற மாதிரி இருந்தது. மேடம் பேசிக்கொண்டிருந்த பேச்சு அறுபடவே இல்லை. இதுதான் என்றார் மேடம். கிண்ணத்து ஓரத்தில் மெத்தென்று பசை மாதிரி ஏதோ அடைத்திருந்தார்கள், கண்ணாடி போட்டவர்களுக்கும் ஒட்டும் என்றார் கடைக்காரர். கண்ணாடி போட்ட தலை வேண்டியிருந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள்.

அவர் மாட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியின் தடித்த கால் அழுத்தியது போல, முகத்தைச் சுளித்தார். கடைக்காரர் பொத்தானைத் திருகினார். அண்ணாச்சியின் முகம் நின்றுபோயிற்று. கையை மெதுவாக எடுத்துத் தானே இன்னும் திருகிக்கொண்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

“சம்சாரிங்க” என்றார்.

ஏதாவது பேசச் சொல்கிறார். செக்ரட்டரி சார் தாழ்ந்த குரலில், “சேட்டனுக்கு ஒரு சாயா சொல்லட்டே?” என்றார்.

“மதுரம் போட்டு” என்றார் அண்ணாச்சி, திரும்பாமலே.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைப் பார்க்காமல் அவர் ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லி நான் அதுவரை கண்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “மழ தூறுது” என்றார். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. தகரத்தின் கீழ் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அப்புறம் எங்களுக்கும் கேட்டது. கடைக்காரர் இரண்டு தடவை பெட்டியை மூடித் திறந்தார். “சேட்டா, பேட்டரி தீந்துபோகும்.” அண்ணாச்சி கழற்றிக் கொடுத்தார். கண்ணாடிக்காலைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

செக்ரட்டரி சார் முடிவாகச் சொன்னார். மேடத்துக்கு ஒன்று வாங்குவது உறுதி. வேலையாட்களில் யாருக்கு வேண்டுமோ அவர்கள் அந்த வாரத்துக்குள் தன்னிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒரே ஆர்டர்தான் போகும். சொல்லாதவர்களுக்குப் பழையது. சொல்லும்போது சாரின் தலை கடைக்காரரின் பெட்டிப் பக்கம் குனிந்திருந்தது. அண்ணாச்சி “கேட்டு” என்றார்.

நான் அங்கேயே எனக்கு வேண்டும் என்றேன்.

வாரக் கடைசியில் டீக்கடையில் நின்றிருந்தோம். ரோட்டில் சரக்கு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. நான் பக்கவாட்டில் நின்று, “அண்ணாச்சி, கேட்டாச்சா?” என்றேன்.

“கேட்டு, கேட்டு” என்றார்.

எங்கள் ஊரில் கேட்டாச்சா என்றால் வாயைத் திறந்து எனக்கு வேண்டும் என்று கேட்டாயிற்றா என்றுதான் அர்த்தம். இந்த ஊரில் அப்படிக் கேட்பதைச் சோதிப்பது என்பார்கள், பறைவது என்பார்கள். கேட்பது காது மட்டும் செய்கிற வேலை. எனக்கு இது தெரியும். அங்கே வேலை பார்த்து அத்தனை நாள் ஆகியிருந்தது. அந்த நேரம் தோன்றவில்லை. செக்ரட்டரி சாரிடம் கேட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு கிளாசைக் கழுவி வைத்தேன்.

அவர் சார் சொன்னது காதில் விழுந்தது என்று சொன்னாரா, கேட்டுவிட்டேன் என்று சொன்னாரா, நான் பேசியதே விழாமல் எப்போதும்போல் சொன்னாரா. எனக்கு இன்றுவரை தெரியாது.

வந்த பெட்டியில் இரண்டுதான் இருந்தன. மேடத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. செக்ரட்டரி சார் என் கையில் கொடுத்தபோது அண்ணாச்சி கொடித்துணியை மடித்துக்கொண்டிருந்தார். விரித்து மறுபடி மடித்தார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். “அண்ணாச்சி, இத நீங்க வச்சுக்கிடுங்க.”

“எனக்கெதுக்கு? குண்டு வர்ற பக்கம் போறது நீயல்லே.”

“உங்களுக்குத்தான் இது வேணும்.”

“எனக்கு நல்லாக் கேக்குது” என்றார். குரல் கொஞ்சம் கூடியது. மேடம் திரும்பிப் பார்த்தார்.

நான் பிறகு சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். அதற்குக் காரணமும் இருந்தது. அந்தச் சாதனம் எனக்குப் பிடித்துப் போயிற்று. வெடி முடிந்த பிறகும் கழற்ற மாட்டேன். காயலில் துடுப்பு விழுவது கேட்கும். மூட்டைக்குள் எலி ஓடுவது கேட்கும். என் வாழ்க்கையில் விலை கூடின பொருள் ஒன்று எனக்கென்று வந்தது அதுதான். சாயங்காலம் துடைத்து, வியர்வை பிடிக்காமல் துணியில் சுற்றி வைப்பேன். அண்ணாச்சி பழைய கிண்ணத்தை மாட்டிக்கொண்டு நின்றார். பாதி கேட்கிற காது, அதன் மேல் முழுக்க அடைக்கிற கிண்ணம்.

மேடம் லீவு போட்ட ஒரு நாள். கிளப் ஆள் ஒருவர் மட்டும் சுட வந்திருந்தார். நான் கடைசிக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் ஓர் அட்டையின் ஆணி கழன்று வரவில்லை.

“ஆச்சா?” என்று அண்ணாச்சி கூப்பிட்டது கேட்டது.

“ஒண்ணு பாக்கி” என்று கத்தினேன்.

“கேட்டு” என்றார்.

ஆணியை இழுத்துக்கொண்டிருந்தேன். சாதனத்துக்குள் பின்னாலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. இரும்பும் இரும்பும் சேர்கிற சத்தம். துப்பாக்கியைக் குண்டு போட்டு மூடுவது. வெறுங்காதுக்கு அந்தத் தூரத்தில் அது கேட்காது. நான் அப்படியே தரையில் விழுந்தேன். தலைக்கு மேல் மரச்சட்டம் தெறித்தது. சிராய் கழுத்தில் குத்தியது.

எழுந்து பார்த்தபோது பச்சைக் கொடி நின்றது.

சுட்ட ஆள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி ஓடிவந்து என் கழுத்தைப் பார்த்தார். “தங்கச்சி, தங்கச்சி” என்றார். கிண்ணத்தைக் கழற்றவில்லை. நான் சொன்னது எதுவும் அவருக்கு எட்டவில்லை.

மறுநாள் ஆபீஸ் அறையில் செக்ரட்டரி சார் கேட்டார். “சேச்சி பாக்கின்னு சொன்னது உங்களுக்குக் கேட்டதா, இல்லயா?”

“கேட்டு” என்றார் அண்ணாச்சி.

“கேட்டுட்டா பச்சைக் கொடி தூக்கினீங்க?”

“ஆமா. கேட்டு.”

“அப்ப அதுக்கு என்ன பேரு தெரியுமா சேட்டா? போலீசுல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?”

மேடம் குறுக்கே வந்தார். “சார், இந்த மனுஷன் அப்படிச் செய்யற ஆளில்ல. அவருக்குக் கேக்கல. கேக்கலன்னு சொல்ல மாட்டார். டெஸ்ட்டுக்கு அனுப்புங்க.”

அண்ணாச்சி மேடத்தின் உதட்டைப் பார்த்தார். குற்றவாளி என்று சொன்னபோது அசையாமல் இருந்த முகம் அப்போதுதான் மாறியது.

நான் செக்ரட்டரி சாரிடம் தனியாகப் போனேன். அண்ணாச்சிக்கும் ஒரு சாதனம் வாங்கினால் எல்லாம் சரியாகும், அதைப் போட்டால் அவருக்கு மழைத் தூறல்கூடக் கேட்கிறது என்றேன். சார் கெட்டவர் இல்லை. “அன்னிக்குக் கேட்டிருந்தா எல்லாரோட சேந்து வந்திருக்கும், ஒருத்தரும் ஏன்னு சோதிக்க மாட்டாங்க. இப்ப வாங்கினா, காது கேக்காத ஆளக் கொடி பிடிக்க வெச்சோம்னு நாமளே எழுதிக் கொடுக்கற மாதிரி. டெஸ்ட்ல நல்லபடியா வரட்டும். கொடி அவர் கையிலதான்” என்றார்.

எர்ணாகுளத்தில் ஒரு காது ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தார்கள். வீட்டில் சொல்லவில்லை, நீ வா என்றார் அண்ணாச்சி. போட்டில் போனோம். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். காதோரம் சவரம் செய்திருந்தார். போட்டு எஞ்சின் சத்தத்தில் நான் பேசவில்லை. பாதி வழியில் அவர்தான் பேசினார்.

“உள்ள கண்ணாடி போட்ட ரூமாம். சத்தம் கேட்டா கை தூக்கணுமாம். அங்க போயிட்டு வந்த ஒருத்தன் பறஞ்சான்.”

தலையாட்டினேன்.

“பொத்தான் அமுக்கற பெண்ணு வெளியில இருக்குமாம். நீ அவ பக்கத்துல இரு. எனக்குத் தெரியற மாதிரி.”

அவ்வளவுதான் சொன்னார். புரியாத மாதிரி இருக்க முடியவில்லை.

“கேட்டியா?” என்றார்.

“கேட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

நான் தலையசைத்தால் கொடி அவருக்குத் திரும்பும். தூணுக்குப் பின்னால் போகிறது நான், நாளைக்கு வேறு ஒருத்தி. அசைக்காவிட்டால் இந்த வயசில் அவருக்கு வேறு வேலை யார் கொடுப்பார். அக்கரை சேர்கிறவரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பையில் துணி சுற்றி அந்தச் சாதனம் இருந்தது. எதற்குக் கொண்டு போனேன் என்று தெரியவில்லை.

அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தலையில் ஒன்றை மாட்டினார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியாது. கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். சின்னப் பெண் ஒருத்தி இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். “சேச்சி, அங்க நிக்கறதுன்னா அனங்காம நிக்கணும்” என்றாள். அசையாமல் நிற்கச் சொல்கிறாள்.

அவள் விரலைப் பார்த்தேன். முதல் தடவை அழுத்தினாள். நான் அசையவில்லை. அவர் கை தூக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது அழுத்தினாள். நான் அசையவில்லை.

எனக்கு எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. விழுங்கினேன். அவர் கை தூக்கினார்.

அந்தப் பெண் அப்போது எதையும் அழுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். கண்ணாடிக்குள் கை தூக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. முந்தானையைப் பிடித்தேன், கை தூக்கினார். கண்ணைத் துடைத்தேன், கை தூக்கினார். போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன், அதற்கும் தூக்கினார். அப்புறம் அங்கேயே நின்றேன்.

ஒரு காது முடிந்ததும் பெண் தாளில் எழுதினாள். சத்தம் கொடுத்தது ஒன்பது தடவை. அவர் கை தூக்கியது பதினான்கு.